இணையத்தில் விவிலிய ஆய்வு: மூலங்களும் முன்முடிவுகளும்

முன்னைய வேதங்களை விசுவாசிப்பது ஈமானின் ஓர் அங்கமாகும். தவ்ராத்தும் ஸபூரும் இன்ஜீலும் அல்லாஹ்விடமிருந்து இறங்கியவை என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. அதேவேளை, இன்று யூதர்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் வழக்கிலுள்ள பைபிள் அவ்வேதங்களின் மாசற்ற வடிவமாக எஞ்சியிருக்கவில்லை என்பதும் நமது அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடாகும். இவ்விரு முடிவுகளுக்கும் இடையில் ஒரு பரந்த ஆய்வுக்களம் இருக்கிறது. எந்தப் பகுதி எப்போது எழுதப்பட்டது, எவர் கைவழியாக வந்தது, எங்கே மாறியது, எங்கே மாறாமல் நின்றது என்பன அக்களத்தின் வினாக்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் இக்களத்தினுள் அதிகம் நுழைந்ததில்லை. பைபிளைப் பற்றி நம்மிடையே வெளிவந்த சிறு நூல்களும் உரைப் பதிவுகளும் குறைவல்ல. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை மறுப்புரைகள். அவற்றின் ஆசிரியர்கள் மூலப் பிரதிகளை நேரில் கண்டு எழுதியவர்களல்லர்; பிற மறுப்புரைகளை வாசித்து எழுதியவர்கள்.

இதற்கு முன்னர் ஒரு நியாயம் கூறப்பட்டது. மூலப் பிரதிகள் இலண்டனிலும் வத்திக்கானிலும் பூட்டிய அறைகளில் இருந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வு நூல்கள் நமது கல்லூரி நூலகங்களை எட்டவில்லை. கடந்த கால் நூற்றாண்டில் இந்நிலை அடியோடு மாறிவிட்டது. அப்பிரதிகளின் பக்கங்களை இன்று காயல்பட்டினத்திலோ கல்முனையிலோ வீட்டிலிருந்தபடியே காணலாம். இவ்வாறு கிடைப்பவற்றுள் எவை ஆய்வுக்கு உதவுவன, எவை ஆய்வின் தோற்றத்தை மட்டும் தருவன, இவை நமது வழக்கமான வாதங்களை என்ன செய்கின்றன என்பவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் சென்ற வழி

பைபிளை ஆராய்வது முஸ்லிம்களுக்குப் புதிய முயற்சியன்று. அல்பிரூனி கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய 'அல்ஆஸாருல் பாக்கியா' என்ற நூலில் யூதர்களின் தவ்ராத், கிரேக்க வழித் தவ்ராத், சமாரியரின் தவ்ராத் என மூன்று பிரதிகளைப் பிரித்தறிந்து, அவற்றின் காலக் கணக்குகளை ஒப்பிட்டார். அந்தலூஸியாவின் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) 11ஆம் நூற்றாண்டில் பைபிளின் உள்முரண்களை அதன் வாசகங்களைக் கொண்டே பரிசீலித்தார். 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த முபஸ்ஸிர் அல்பிகாஈ (ரஹ்) தமது தப்ஸீரில் தவ்ராத்திலிருந்தும் சுவிசேஷங்களிலிருந்தும் நேரடியாக எடுத்தாண்டார். அதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, அச்செயலை நியாயப்படுத்தித் தனி நூலே எழுதினார்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இருவரைக் குறிப்பிட வேண்டும். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஜெர்மன் பாதிரியார் ஃபாண்டரை எதிர்கொண்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்), ஐரோப்பாவில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த விவிலிய விமர்சன நூல்களை டாக்டர் வஸீர் கானின் துணையுடன் திரட்டி வைத்திருந்தார். பாதிரியார் தமது கண்டத்து அறிஞர்களின் கருத்துகளுக்கே பதில் சொல்ல வேண்டியவரானார். அவ்விவாதத்தின் விரிவே 1864இல் எழுதப்பட்ட 'இழ்ஹாருல் ஹக்'. ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் வேறு வழியில் சென்றார். 1862 முதல் வெளிவந்த 'தப்யீனுல் கலாம்' என்ற நூலில் பைபிளுக்கே ஒரு விரிவுரை எழுதத் தொடங்கினார். முடிவுகளில் இருவரும் வேறுபட்டனர். எனினும் தம் காலத்தில் கிடைத்த ஆகப் புதிய ஆய்வைத் தேடிச் சென்றதில் இருவரும் ஒன்றுபட்டனர். கைரானவியின் பெயரால் இன்று எழுதுவோர் பலர் அவர் எடுத்துக்காட்டியவற்றையே திரும்ப எடுத்துக்காட்டுகின்றனர். விவிலிய ஆய்வின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றான சினாய்ச் சுவடி 1862இல்தான் முதன்முதலில் அச்சேறியது. சாக்கடல் சுருள்கள் 1947இல்தான் வெளிப்படத் தொடங்கின. கைரானவி இன்று இருந்திருப்பின் இவற்றையெல்லாம் வாசித்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

மூலப் பிரதிகள்

இணையத்தில் உள்ளவற்றுள் முதலிடம் பெறத்தக்கது சினாய்ச் சுவடியின் தளமாகும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கிரேக்கத் தோற்பிரதி சினாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீன் மடாலயத்தில் இருந்தது. 1844இல் ஜெர்மன் அறிஞர் திஷண்டார்ஃப் அதன் 43 ஏடுகளை லைப்ஸிக் நகருக்குக் கொண்டுசென்றார். 1859இல் பெரும்பகுதி ரஷ்யாவைச் சென்றடைந்தது. 1933இல் சோவியத் அரசு அதனை ஒரு இலட்சம் பவுணுக்குப் பிரிட்டனுக்கு விற்றது. 1975இல் மடாலயத்திலேயே மேலும் சில ஏடுகளும் துணுக்குகளும் கிடைத்தன. மடாலயத்திலிருந்து அது வெளியேறிய விதம் இன்றும் தகராறுக்குரியது. நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த சுவடி 2009 ஜூலையில் இணையத்தில் ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு பக்கத்தின் நிழற்படமும் அருகில் அதன் வாசகமும் தரப்பட்டுள்ளன. முதல் எழுத்தர் எழுதியது எது, பின்வந்த கைகள் திருத்தியது எது என்பதும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது. தம் வேதத்தின் பழம்பிரதியில் காணப்படும் திருத்தங்களைக் கிறிஸ்தவ அறிஞர்களே உலகின் முன் விரித்து வைத்திருக்கும்போது, அவர்கள் அவற்றை மறைக்கிறார்கள் என்று மேடைகளில் கூறுவது இனிப் பொருந்தாது.

சாக்கடல் சுருள்களுக்கு இரண்டு தளங்கள் உள்ளன. ஏசாயாவின் பெருஞ்சுருள் 2011இல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தால் இணையத்தில் வைக்கப்பட்டது. குகைகளில் கிடைத்த ஆயிரக்கணக்கான துணுக்குகளின் படங்களை இஸ்ரேலியத் தொல்பொருள் துறை 2012 முதல் வெளியிட்டு வருகிறது. இங்கே ஓர் அரசியல் உண்மையை வாசகர் மறத்தலாகாது. 1952இல் நான்காம் குகையில் கிடைத்த துணுக்குகளில் பெரும்பாலானவை கிழக்கு ஜெரூஸலத்தின் பலஸ்தீனத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. 1966இல் ஜோர்தான் அந்நிறுவனத்தை அரசுடைமையாக்கியது. 1967 யுத்தத்தில் இஸ்ரேல் அதனைக் கைப்பற்றியது. ஆகவே படங்களை நன்றியுடன் பயன்படுத்தலாம். அவற்றோடு வரும் வரலாற்று அறிமுகங்களை இன்னார் எழுதியவை என்ற விழிப்போடு வாசிக்க வேண்டும்.

இச்சுருள்கள் சொல்லும் செய்தியோ இரு தரப்பு மேடைப் பேச்சையும் திருத்துகிறது. ஏசாயாச் சுருள், அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்திய எபிரேயப் பிரதிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. சிறு வேறுபாடுகள் நிறைய உள்ளன. எரேமியாவின் நூலிலோ நிலைமை வேறு. கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்நூல் கணிசமாகக் குறுகியது, வரிசையும் மாறியது. அக்குறுகிய வடிவத்தை ஒத்த எபிரேயத் துணுக்கு ஒன்று கும்ரானில் கிடைத்தது. அதாவது அந்நூலின் இரு வடிவங்கள் அக்காலத்தில் எபிரேயத்திலேயே வழங்கின. ஓர் எழுத்தும் மாறவில்லை என்ற கூற்றும், எல்லாமே மாறிவிட்டது என்ற கூற்றும் இச்சான்றின் முன் நிற்கமாட்டா.

புதிய ஏற்பாட்டுக்கு ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 1959இல் கூர்ட் ஆலண்ட் நிறுவிய ஆய்வு நிலையத்தின் தளம் இன்றியமையாதது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கைப்பிரதிகளுக்கு எண்ணிட்டுப் பட்டியல் அமைத்தது இந்நிலையமே. எபிரேய மூலத்தையும் யூத விரிவுரைகளையும் அருகருகே காட்டும் 'செஃபாரியா' தளம் பழைய ஏற்பாட்டுக்கு உதவும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1950இல் படச்சுருளாக்கிய சினாய் மடாலயக் கைப்பிரதிகள் இப்போது அதன் தளத்தில் கிடைக்கின்றன. பவுலின் நிருபங்கள் 867இல் டமாஸ்கஸில் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டதைச் சொல்லும் பிரதி அம்மடாலயத்தைச் சேர்ந்ததே. எபிரேய பைபிளின் முழுமையான பிரதிகளுள் மிகப் பழையதான லெனின்கிராட் சுவடியும் 1008ஐ ஒட்டி ஃபாத்திமியரின் கெய்ரோவில் எழுதப்பட்டது. பைபிளின் வரலாற்றில் ஒரு பகுதி முஸ்லிம் நாடுகளின் வரலாறும் ஆகும் என்பதை இப்பிரதிகள் நினைவூட்டுகின்றன.

இலவசமாகக் கிடைப்பது எது?

பிரதிகளை விட்டு விளக்க நூல்களுக்கு வரும்போது தேடுபவரின் சிரமம் தொடங்குகிறது. தேடுபொறியில் ஒரு வசனத்தை இட்டவுடன் முன்வரிசையில் வருபவை பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள். மத்தேயு ஹென்றியின் விரிவுரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஸ்டிராங்கின் சொல்லடைவு 1890இல் வெளிவந்தது. யூதக் கலைக்களஞ்சியம் 1901க்கும் 1906க்கும் இடைப்பட்டது. கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் 1907இல் தொடங்கியது. இவை மதிக்கத்தக்க நூல்களே. ஆயினும் சாக்கடல் சுருள்களையோ, 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த நூல்களையோ அறியாதவை. திரையின் புதுமை நூலின் பழமையை மறைத்துவிடுகிறது. ஆண்டைக் கவனியாத வாசகர் நூறு ஆண்டுகளுக்கு முந்திய கருத்தை இன்றைய ஆய்வு முடிவாக எண்ணிவிடுகிறார்.

வரலாற்றாசிரியர் ஜோஸிபஸ் இதற்கு நல்ல உதாரணம். கி.பி. முதலாம் நூற்றாண்டுப் பலஸ்தீனத்தை அறிய அவரது நூல்கள் இன்றியமையாதவை. இணையமெங்கும் கிடைப்பது 1737இல் விஸ்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் ஈஸா (அலை) அவர்களை மெசியா என்றே ஒப்புக்கொள்ளும் ஒரு பத்தி வருகிறது. ஒரு யூதர் அவ்வாறு எழுதியிருப்பாரா என்ற ஐயம் பல நூற்றாண்டுகளாக உண்டு. விஸ்டன் அதனை உண்மையென நம்பியவர். 1971இல் ஷ்லோமோ பைன்ஸ், 10ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆயர் அகாபியஸ் அரபியில் எழுதிய உலக வரலாற்றில் அதே பத்தி அந்த ஒப்புதலின் வேகம் குறைந்த வடிவில் இருப்பதை எடுத்துக்காட்டினார். அவ்வரபி வாசகத்தின் பெறுமதி குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. விஸ்டனின் பக்கத்தோடு நின்றுவிடுபவருக்கு இவ்விவாதம் நடக்கிறது என்பதே தெரியவராது.

இக்குறையை ஈடுசெய்யும் தளங்களும் உண்டு. கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய 'ஸ்டெப் பைபிள்' சொல்லுக்குச் சொல் எபிரேய, கிரேக்க மூலத்தைக் காட்டுகிறது. 'நெட் பைபிள்' என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பு பல்லாயிரம் அடிக்குறிப்புகளுடன் இலவசமாகக் கிடைக்கிறது. இவ்விரண்டையும் நடத்துவோர் பைபிளை இறைவாக்கென நம்பும் கிறிஸ்தவர்கள். எனினும் பிரதி வேறுபாடுகளை மறைக்காமல் சொல்கின்றனர். ஒருவரின் நம்பிக்கையையும் அவர் தரும் தகவலின் நேர்மையையும் வேறுபடுத்தி எடைபோடுவது ஹதீஸ் கலை நமக்குப் பழக்கிய ஒழுங்காகும். கொள்கையில் மாறுபட்ட அறிவிப்பாளர்களிடமிருந்தும், அவர்களது வாய்மை உறுதியானால், முஹத்திஸ்கள் செய்தி பெற்றுள்ளனர். இத்தளத்தை நடத்துபவர் யார், இவ்வாசகம் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, அப்பதிப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகள் இணையத்துக்கான இஸ்னாத் ஆகும்.

மூன்று வாதங்கள், ஒரு பரிசோதனை

நம்மிடையே அதிகம் வழங்கும் மூன்று வாதங்களை இம்மூலங்களில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, யோவானின் முதல் நிருபம் 5:7. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று எனக் கூறும் சொற்கள் பிற்சேர்க்கை என்பது நமது வாதம். சினாய்ச் சுவடியைத் திறந்தால் அச்சொற்கள் இல்லை. வத்திக்கான் சுவடியிலும் இல்லை. 1516, 1519 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் எராஸ்மஸ் அவற்றைச் சேர்க்கவில்லை. 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். தமிழில் பழைய திருப்புதலில் அச்சொற்கள் உள்ளன. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் வாசகத்தில் இல்லை. ஆகவே வாதம் சரியானதே. ஆனால் அதிலிருந்து நாம் தாவும் முடிவு சரியன்று. திரித்துவக் கோட்பாடே இவ்வசனத்தின் மீது நிற்கிறது, இது வீழ்ந்தால் அதுவும் வீழும் என்பர் நம் பேச்சாளர். 4ஆம் நூற்றாண்டில் அக்கோட்பாட்டை வகுத்த கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் தம் விவாதங்களில் இச்சொற்களைச் சான்றாகக் காட்டவேயில்லை. அக்கோட்பாட்டை மறுக்க விரும்புபவர் அது உண்மையில் எழுந்த இடத்துக்குச் சென்றாக வேண்டும்.

இரண்டாவது, யோவான் சுவிசேஷத்தின் 'பாரக்லீத்தோஸ்'. இது முதலில் புகழப்பட்டவர் என்று பொருள்படும் 'பெரிக்லூத்தோஸ்' என இருந்து பின்னர் மாற்றப்பட்டது என்பது பல நூல்களில் காணப்படும் கூற்று. கி.பி. 200ஐ ஒட்டியதாகக் கருதப்படும் பாப்பிரஸ் பிரதி உட்பட, இதுவரை அறியப்பட்ட கிரேக்கப் பிரதி எதிலும் அவ்வாறான சொல் இல்லை. படங்களை யாரும் பார்க்கக்கூடிய காலத்தில் இக்கூற்றைத் திரும்பச் சொல்வது நமது நம்பகத்தைக் குறைக்கும். இதனால் அஸ்ஸஃப் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கூறும் நன்மாராயத்துக்கு எவ்விதக் குறையும் நேராது. ஹிஜ்ரி 150ஐ ஒட்டி மறைந்த இப்னு இஸ்ஹாக் (ரஹ்) யோவான் சுவிசேஷத்தின் இப்பகுதியை எடுத்தாண்டபோது கிரேக்க எழுத்தை மாற்றவில்லை. பலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் அரமேய மொழிபெயர்ப்பில் வழங்கிய 'முனஹ்ஹமனா' என்ற சொல்லையே தந்து, அதன் பொருளைக் கொண்டு வாதித்தார். அவ்வரமேய வாசக நூலை ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் சகோதரியர் சினாய்ப் பிரதிகளைக் கொண்டு 1899இல் பதிப்பித்தனர். நமது ஆரம்பகால அறிஞர் ஒருவர் தம் காலத்து உள்ளூர்க் கிறிஸ்தவரின் வேத வாசகத்தைத் துல்லியமாக அறிந்திருந்தார் என்பதற்கு இது சான்று. கற்பனையான எழுத்து மாற்றத்தை விட இவ்வரலாறு எவ்வளவோ பெறுமதி வாய்ந்தது.

மூன்றாவது, பர்னபாஸின் சுவிசேஷம். மறைக்கப்பட்ட உண்மை இன்ஜீல் என்ற பெயரில் இது எத்தனையோ தளங்களில் கிடைக்கிறது. இஸ்னாதைக் கேட்டால் விடை சுருக்கமானது: இத்தாலிய மொழியில் ஒரு பிரதி வியன்னாவில் உள்ளது, அது 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. ஸ்பானிய மொழியில் பிற்காலப் படி ஒன்றுண்டு. கிரேக்கத்திலோ எபிரேயத்திலோ அரமேயத்திலோ ஒரு துணுக்கும் இல்லை. மத்னை நோக்கினால், யூபிலி ஆண்டு நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்கிறது. தவ்ராத்தில் அது ஐம்பது ஆண்டு. நூறாண்டு என்பது 1300இல் போப் எட்டாம் போனிஃபேஸ் ஏற்படுத்திய வழக்கம். கடற்கரையில்லாத நாசரேத்துக்குப் படகில் போய் இறங்குவதாகவும் சொல்கிறது. யாவற்றுக்கும் மேலாக, ஈஸா (அலை) தாம் மஸீஹ் அல்லர் என மறுப்பதாகக் கூறுகிறது. அல்குர்ஆனோ 3:45இலும் பிற இடங்களிலும் அவர்களையே மஸீஹ் என்றழைக்கிறது. 1907இல் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட ராக் தம்பதியர் இது பிற்கால ஆக்கம் என நீண்ட முன்னுரை எழுதினர். பின்னர் முஸ்லிம்களிடையே பரவிய மறுபதிப்புகள் அம்முன்னுரையை விட்டுவிட்டன. சினாய்ச் சுவடியின் இறுதியிலுள்ள பர்னபாஸின் நிருபத்தைச் சுட்டி, இச்சுவிசேஷம் 4ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது எனச் சொல்வோரும் உளர். அது முற்றிலும் வேறான ஒரு நூல்; தளத்தைத் திறந்து வாசித்தாலே விளங்கிவிடும்.

அதே அளவுகோல்

இவ்வளவு கண்டிப்பு ஏன் என ஒருவர் கேட்கலாம். பைபிளின் பிரதிகளைக் காட்டும் அதே திரையில் அல்குர்ஆனின் பிரதிகளும் காட்டப்படுகின்றன என்பதே விடை. 1972இல் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலில் கிடைத்த ஏடுகளுள் முன்னெழுத்து அழிக்கப்பட்டு மேலே மீண்டும் எழுதப்பட்ட ஒரு தோற்பிரதி உண்டு. அதன் அடியெழுத்தில் உஸ்மானிய முஸ்ஹபிலிருந்து வேறுபடும் சொற்கள் உள்ளன. 2012இல் அவை ஆய்விதழில் வெளியாயின. சினாய்ச் சுவடியின் திருத்தங்களைக் கண்டு எள்ளி நகையாட மட்டுமே கற்பிக்கப்பட்ட ஓர் இளைஞர் ஸன்ஆ ஏட்டைக் காணும்போது என்ன செய்வார்? அவரிடம் இருப்பது கேலி ஒன்றே. அது இப்போது அவரை நோக்கித் திரும்புகிறது.

முறையாகக் கற்றவருக்கு இத்தடுமாற்றம் நேராது. இப்னு மஸ்ஊத் (ரழி), உபை இப்னு கஃப் (ரழி) ஆகியோரின் முஸ்ஹப்களில் இருந்த வேறுபாடுகளை இப்னு அபீதாவூத் 'கிதாபுல் மஸாஹிஃப்' நூலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொகுத்துவிட்டார். கிராஅத் கலை எழுத்தோடு நில்லாது, தலைமுறை தலைமுறையாக வாய்வழி ஓதி ஒப்புவித்த மரபைச் சார்ந்தது. இரு வேதங்களின் பாதுகாப்பு வரலாறு எங்கே வேறுபடுகிறது என்பதை அவர் சான்றுகளோடு சொல்ல முடியும். பெர்லினில் 2007இல் தொடங்கிய 'கார்ப்பஸ் குர்ஆனிக்கும்' தளம் அல்குர்ஆன் வசனங்களுக்கு அருகில் சிரியாக், எபிரேய நூல்களின் ஒத்த பகுதிகளை வைக்கிறது. ஒப்புமை இருப்பதனாலேயே கடன் வாங்கியது என்றாகாது. எதை எதனருகில் வைப்பது என்ற தெரிவே ஒரு விளக்கம்தான். இந்த எதிர்வாதத்தை வைக்க விரும்புபவர் முதலில் அச்சிரியாக் நூலை வாசித்திருக்க வேண்டும்.

தமிழில் உள்ள இடைவெளி

தமிழில் பைபிள் வாசகம் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. 1715இல் தரங்கம்பாடியில் ஸீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட மொழியில் இதில் வியப்பில்லை. கிடைக்காதது வாசகத்தின் வரலாறு. இவ்வசனம் எப்பிரதியில் இருக்கிறது, எதில் இல்லை என்று தமிழில் சொல்லும் வழிகாட்டி அரிது. கிறிஸ்தவத் தளங்கள் பக்திக்காகவும், நமது தளங்கள் மறுப்புக்காகவும் எழுதுகின்றன. பெயர்களும் தடையாகின்றன. மூஸா (அலை) எனத் தேடுபவருக்கு மோசே கிடைப்பதில்லை. யஹ்யா (அலை) அவர்களும் சுவிசேஷத்துக்குப் பெயர் தந்தவரும் தமிழ் பைபிளில் யோவான் என்ற ஒரே பெயரால் வருவதால் குழப்பம் மிகுகிறது.

இவ்விடைவெளியை நிரப்பப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நமது அரபுக் கல்லூரிகளில் மதங்களின் ஒப்பாய்வு கற்பிக்கப்படும் இடங்களில் ஒரு பருவத்தை மூலப் பிரதிகளுக்கு ஒதுக்கலாம். அரபி அறிந்த மாணவருக்கு எபிரேயமும் சிரியாக்கும் உறவு மொழிகள். கிரேக்க நெடுங்கணக்கைச் சில நாட்களில் கற்கலாம். இரு மரபுப் பெயர்களுக்கும் ஓர் ஒப்பட்டவணை, நம்பத்தக்க தளங்களுக்கு ஆண்டும் பின்னணியும் குறித்த ஒரு பட்டியல், அதிகம் எடுத்தாளப்படும் வசனங்களுக்குப் பிரதிச் சான்றுடன் கூடிய குறிப்புகள் ஆகியவற்றை இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஓராண்டில் தமிழில் தொகுத்துவிட முடியும். தமிழ்க் கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகளில் இம்மொழிகளைக் கற்பிப்போர் இருக்கின்றனர். அவர்களை அணுகுவதில் இழுக்கில்லை.

செய்தி கிடைத்தால் அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு 49:6 கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டலாகாது என 5:8 எச்சரிக்கிறது. இவ்விரு கட்டளைகளும் பிறரது வேதத்தைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பொருந்தும். பர்னபாஸின் சுவிசேஷத்தை நமது புத்தக அடுக்குகளிலிருந்தும் தளங்களிலிருந்தும் விலக்கி வைப்பதே தொடங்குவதற்கு ஏற்ற இடம்.